சாவுக்கு முந்திய பாட்டு: ‘தன்னார்வம்’ என்கிற சொல்லை முன்வைத்துச் சில குறிப்புகள்

செத்த பிறகு பாடுவதற்கு நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. ஒப்பாரி இருக்கிறது, மாரடிப்பு இருக்கிறது. பறை, சங்கு, சேகண்டி இருக்கிறது. வசதியுள்ள சைவ வீடுகளில் திருவாசகம். மாதா கோயில் தெருவில் ஞானப்பாட்டு. எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம் சாவு வீட்டு வாசலில் விடிய விடிய ‘கர்ண மோட்சம்’ கூத்து. சாகிறதுக்கு முன்னால் என்ன இருக்கிறது? உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிற அந்த நாலு நாள், பத்து நாள், சிலருக்கு ஒரு மாசம், அந்த நேரத்துக்கு நம்மிடம் இருக்கிற பாட்டு எது?

நண்பர் ஒருவர் அண்மையில் இப்படியொரு யோசனையோடு வந்தார். அமெரிக்காவில் சாகக் கிடப்பவர்களின் படுக்கையருகே போய்ப் பாடுவதற்கென்றே தன்னார்வக் குழுக்கள் இருக்கின்றன; அதை நாமும் கடலூர், சிதம்பரம் பக்கம் தொடங்கினால் என்ன? நல்ல மனசோடு கேட்கப்பட்ட கேள்விதான். எனக்கு உடனே ‘சரி’ என்று சொல்ல வாய் வரவில்லை. ‘வேண்டாம்’ என்றும் சொல்ல முடியவில்லை. ஏன் இரண்டும் முடியவில்லை என்பதை யோசித்ததுதான் இக்கட்டுரை.

முதலில் அவர்கள் செய்வது என்னவென்று பார்த்துவிடலாம். கேலி செய்வதற்கு முன் தெரிந்துகொள்வது மரியாதை. கேட் மங்கர் என்கிற பெண் 1990இல் எய்ட்ஸில் செத்துக்கொண்டிருந்த ஒரு நண்பரின் அருகே உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார். அவருக்கும் பயம் அடங்கியிருக்கிறது, நண்பருக்கும் அமைதி வந்திருக்கிறது. பத்து வருஷம் கழித்து, 2000இல், கலிபோர்னியாவில் ‘திரெஷோல்டு கொயர்’ என்று ஒரு குழுவைத் தொடங்குகிறார். வாசற்படிப் பாடகர் குழு என்று நம் மொழியில் சொல்லலாம். இன்று அது பல ஊர்களில் பரவிவிட்டது. இரண்டு மூன்று பேர் மட்டும் போகிறார்கள். கூப்பிட்டால்தான் போகிறார்கள். கருவி கிடையாது, காசு கிடையாது, கைதட்டல் கிடையாது. சின்னச் சின்ன வரிகள், தாலாட்டு மாதிரி, எந்த மதத்துக்கும் சாராதவை. ஒத்திகையில் அவர்களில் ஒருவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் அவரைச் சுற்றிப் பாடிப் பழகுகிறார்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. பாடப் போகிறவன் முதலில் கிடந்து பார்க்க வேண்டும்.

இது அங்கே ஏன் தோன்றியது என்பதற்கு விளக்கம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியே 1977இல் வெளிவந்த தம் பெருநூலில், ஊர்கூடி நடந்துகொண்டிருந்த சாவு எப்படி ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டது என்று எழுதினார். நோர்பெர்ட் எலியாஸ் 1982இல் சாகிறவர்களின் தனிமை பற்றியே ஒரு சிறுநூல் எழுதினார். சாகிறவனைத் தொட, அவனோடு பேச, உயிரோடிருப்பவர்களுக்குச் சொல் இல்லாமல் போய்விட்டது என்பது அதன் சாரம். அந்த வெற்றிடத்தில்தான் இந்தப் பாட்டு வந்து உட்காருகிறது. ஆனால் ஆரியேயைப் படித்துவிட்டு நம்மவர்கள் சிலர் ஒரு சுகமான முடிவுக்குப் போய்விடுகிறார்கள்: அங்கே தொலைந்துபோனது இங்கே இன்னும் இருக்கிறது, நம் கிராமத்தில் சாவு தனிமையாக நடப்பதில்லை, நமக்கு இதெல்லாம் தேவையில்லை. இந்தக் ‘கிராமம்’ யாருடைய கிராமம் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

காடாம்புலியூர், பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில் இருக்கிற ஊர். சுற்றிச் செம்மண், முந்திரி, பலா. இந்த மாவட்டத்தில் பாட்டு என்பது ஒருபோதும் சும்மா பாட்டாக இருந்ததில்லை. இராமலிங்கர் பாட்டை ‘அருட்பா’ என்று சொல்லலாமா கூடாதா என்று ஆறுமுக நாவலர் கிளப்பிய சண்டை 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. சிதம்பரம் சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட முயன்றதற்காக சிவனடியார் ஆறுமுகசாமி 2000இல் தாக்கப்பட்டார். அரசாணை வந்து 2008 மார்ச்சில் போலீஸ் காவலோடுதான் அங்கே தமிழ் ஏறியது. யார், எதை, எங்கே நின்று பாடலாம் என்பது இங்கே அடிதடிக் கேள்வி. படுக்கையருகே பாடுவது மட்டும் எப்படி அதிலிருந்து தப்பிவிடும்?

சாவதற்கு முன் நாம் ஒன்றுமே பாடுவதில்லை என்று சொன்னால் ஓதுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஓதுகிறோம். இஸ்லாமியர் வீட்டில் யாசீன் ஓதுகிறார்கள், கலிமாவை நினைவூட்டுகிறார்கள். சைவர் வீட்டில் சிவபுராணம், வைணவர் வீட்டில் காதில் மந்திரம், கிறிஸ்தவர் வீட்டில் ஜெபமும் கீர்த்தனையும். காசியில் 1958இல் தொடங்கப்பட்ட முக்தி பவனில், சாவை எதிர்பார்த்து வந்து தங்குகிறவர்களுக்காகப் பஜனை பாட ஆட்களே வைத்திருந்தார்கள். இவற்றையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு அவை பிடிமானம். ஆனால் இந்த ஓதல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை போகப் போகிற உயிரைப் பார்த்துச் சொல்லப்படுபவை. கிடக்கிற உடம்பைப் பார்த்து அல்ல. முதுகில் புண் வந்து, வாய் உலர்ந்து, மூத்திரம் தெரியாமல் போய், யாரோ ஒருத்தியின் கைக்காகக் காத்துக் கிடக்கிற அந்த மனுஷி அவற்றின் கேட்பாளர் அல்ல. அவள் ஒரு வழி. அவள் வழியாக எங்கோ போய்ச் சேர வேண்டிய சொற்கள் அவை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. சமணத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய். பெரியபுராணம் சொல்கிறபடி, சமண முனிவர்கள் முதலில் மந்திரம் சொல்லிப் பார்க்கிறார்கள், மயில்பீலியால் தடவிப் பார்க்கிறார்கள். வலி நிற்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அக்காளிடம் போய் விழுகிறார். திலகவதி திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே அவர் வாய் திறக்கிறார். கொல்லிப் பண்ணில் அமைந்த அந்தப் பதிகம்தான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம். சமணத்தைத் தோற்கடிப்பதற்காகச் சொல்லப்பட்ட கதை இது என்பதை மறக்க வேண்டாம். சமணர் செய்த வைத்தியம் பலிக்காமல் போவது கதையின் அரசியல் தேவை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. இங்கே நோயாளிக்கு யாரும் பாடவில்லை. நோயாளி பாடுகிறான். அதுவும் அமைதியாக அல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னை ஏன் இப்படிச் செய்தாய் என்கிற தொனியில், முறையிட்டு, வழக்காடி. அக்கா செய்தது பணிவிடை. பாடியது வலி.

வாசற்படிக் குழுவின் பாடல்களைப் பற்றி எனக்கு இருக்கிற முதல் சங்கடம் இதுதான். அவை எல்லாம் சாந்தம். போய் வா, பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம். சாகிறவர் கேட்கிறவராக மட்டுமே வைக்கப்படுகிறார். அவருடைய கோபத்துக்கு, இழவு வாங்கின கணக்கு வழக்குகளுக்கு, ‘இந்த வீட்டுக்கு நான் உழைச்சதுக்கு இதுதானா’ என்கிற கேள்விக்கு அந்தப் பாட்டில் இடம் எங்கே?

நம் ஒப்பாரி இதற்கு நேர் எதிர். அதில் சாந்தமே கிடையாது. இசபெல் கிளார்க்-டெசே தமிழ்நாட்டில் களப்பணி செய்து 2005இல் எழுதிய நூலின் தலைப்பையே ‘செத்தவர்க்காக யாரும் அழுவதில்லை’ என்கிற பொருளில்தான் வைத்தார். ஒப்பாரி வைக்கிற பெண் பிணத்தைச் சாக்கிட்டுத் தன் கதையை அழுகிறாள் என்பது அவர் வாசிப்பு. கட்டிக்கொடுத்த இடம், பிறந்தவீட்டுச் சீர், கைவிட்ட அண்ணன், எல்லாம் அங்கே வரும். பெண்களுக்கு ஊர் அனுமதித்த ஒரே பகிரங்க மேடை சாவு வீடு என்பதால், பிணம் அங்கே ஒரு காரணம் மட்டுமே. எங்கள் பெரியம்மா 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயலில் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்தபோது விழுந்த மரத்தின் மேல் கையை வைத்து ஒப்பாரி வைத்தார். சொற்கள் எல்லாம் பெரியப்பா செத்தபோது சொன்ன அதே சொற்கள். அன்றைக்குப் புரிந்தது எனக்கு, அந்தப் பாட்டுக்கு ஆள்கூடத் தேவையில்லை, இழப்பு இருந்தால் போதும் என்று.

ஆனால் கிளார்க்-டெசே சொல்வதில் அழுகிற பெண் தெரிகிற அளவுக்கு அழுகிற பெண்ணை யார் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு முக்கியம். சொந்தக்காரி அழுவது வேறு, கூலிக்கு அழுவது வேறு, கூப்பிட்டால் வந்தே தீர வேண்டும் என்பதால் அழுவது வேறு. மூன்றாவதுக்கு இந்த மாவட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு. ஊரில் ஒரு சாவு என்றால் சேதி சொல்லப் போகிறவன், பறையடிக்கிறவன், குழி வெட்டுகிறவன், மாரடிக்கிறவள் எல்லாரும் ஒரே தெருவிலிருந்து வர வேண்டும். கூலி என்ற பெயரில் கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம், ஒரு துணி. இதை மறுத்ததற்காக எத்தனை சேரிகள் அடிவாங்கியிருக்கின்றன! காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள் போன்றவர்கள் சாவுக்குப் பறையடிக்காதே என்று சொன்னது பாட்டை வெறுத்து அல்ல. மறுக்க முடியாத ஒருவன் அடிக்கிற பறை, இசை ஆகாது என்பதால். பின்னால் 1990களில் திண்டுக்கல் சக்தி குழு மாதிரியானவர்கள் அதே பறையை மேடையில் தூக்கி அடித்தார்கள். இரண்டும் எதிரெதிர் என்று நம்மில் சிலர் வாதாடியதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் வேண்டாம் என்று சொன்ன கைதான் பிறகு வேண்டும் என்று எடுக்க முடியும்.

ஆக, ‘தன்னார்வம்’. நண்பரின் யோசனையில் என்னை இடறியது இந்தச் சொல்தான். காசு வாங்காமல் சாவுக்குப் பாடுவது என்பது கலிபோர்னியாவில் ஒரு புதிய கொடை. இங்கே அது மிகப் பழைய தண்டனை. ஊழியம், வெட்டி என்று அதற்கு வேறு பெயர்கள் இருந்தன.

பெரியம்மாவின் கடைசி நாட்களைச் சொல்லாமல் இதை மேலே கொண்டுபோக முடியாது. புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்கட்டு அறையில் கயிற்றுக் கட்டில். பெரியம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவர். தோப்பு சொந்தம்தான், ஆனால் தோப்பு சோறு போடுகிற அளவுக்கு இல்லை. கொட்டை உடைக்கிற களத்தில் அவர் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர் காலனியைச் சேர்ந்த ஒரு அம்மா. இருவர் விரல்களும் கொட்டை எண்ணெயில் ஒரே மாதிரி கறுத்துத் தோலுரிந்திருக்கும். அந்த அம்மா பாட்டுக்காரி. நடவுக்கும் பாடுவார், சாவுக்கும் பாடுவார். களத்தில் அவர் எடுத்துக் கொடுக்க, பெரியம்மா பின்பாட்டு. களத்தில் ஒரே வரிசை. எங்கள் வீட்டில் மட்டும் அவருக்குக் கொல்லைப்புறம். சின்ன வயசில் நாங்கள் அவரைப் பேர் சொல்லி ‘நீ, வா, போ’ என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களைத் ‘தம்பி’ என்றார். இதை எழுதுகிறபோது கை கூசுகிறது, கூசட்டும்.

பெரியம்மா கடைசி வாரத்தில் அவரைக் கேட்டார். ‘அவள வரச் சொல்லு, பாடச் சொல்லு.’ வீட்டில் பெரிய அமளி. ‘உசுரு இருக்கும்போதே ஒப்பாரியா? வீட்டுக்கு ஆவுமா?’ என்றார் ஒரு சித்தப்பா. இன்னொருவர், ‘பாடணும்னா தேவார கேசட் போடு’ என்றார் (கேசட் எல்லாம் போய் எவ்வளவோ காலம் ஆகிறது, சொல் மட்டும் நிற்கிறது). கடைசியில் ஒரு சமரசம்: வரட்டும், கொல்லைப்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாடட்டும், சாவுப் பாட்டு மட்டும் கூடாது.

வந்தார். ஜன்னலுக்கு வெளியே, துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து பாடினார். நடவுப் பாட்டு, களத்துப் பாட்டு, நடுவில் ஒரு தாலாட்டு, மேஸ்திரியைக் கிண்டல் பண்ணுகிற அசிங்கமான பாட்டு ஒன்று. அந்தப் பாட்டுக்குப் பெரியம்மாவின் உதடு அசைந்தது. பின்பாட்டு. சத்தம் வரவில்லை, ஆனால் எந்த இடத்தில் எடுக்க வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் அசைந்தது. வெளியே இருந்தவருக்கு அது தெரிய வழியில்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு அடிக்கும் பின்பாட்டுக்கான இடைவெளியை விட்டு, காத்திருந்து, பிறகுதான் அடுத்ததை எடுத்தார்.

2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்று கண்டார்கள். நினைவு தப்பி, சாவுக்குச் சில மணி நேரமே இருந்த சிலரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, ஒலி மாறும்போது அந்த மூளைகளில் பலவும் பதில் காட்டுவதாகச் சொன்னார்கள். கேட்பது வேறு, புரிவது வேறு என்று அவர்களே எச்சரிக்கவும் செய்தார்கள். எங்களுக்கு அந்த மின்னலைக் கருவி தேவைப்படவில்லை. ஆனால் நான் பார்த்தது அந்த ஆய்வில் இல்லாத ஒன்று: கேட்பது மட்டுமில்லை, அவர் பாடிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளி அவருக்கு விடப்பட்டிருந்தது. வாசற்படிக் குழுக்களின் அழகான பாட்டில் எனக்குக் குறையாகப் படுவது அந்த இடைவெளி.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு மோசடியாகிவிடும். பாட்டு நின்ற பிறகு பெரியம்மா ராத்திரி முழுக்கக் கத்தினார். வலி. பாட்டால் வலி போகாது. 1985இன் போதைப்பொருள் சட்டம் மார்பினைக் குற்றவாளியாக்கி வைத்தது. 2014இல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்திய பிறகும் ஒரு கிராமத்துக் கட்டிலுக்கு அந்த மாத்திரை வந்து சேர்வது சுலபமில்லை. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் பிறகு அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக விரிந்தது. அங்கே சாதாரண ஜனங்கள் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, வீடு வீடாகப் போய்ப் புண் கழுவினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். பாடினார்களா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவை சேர்க்கப்பட்டிருக்கிறது. நண்பரிடம் நான் சொன்னது: முதலில் மாத்திரை வருகிறதா என்று கேட்போம். நர்ஸம்மாவுக்குப் பின்னால் பாட்டுக்காரர் போகட்டும். மார்பின் இல்லாத வீட்டில் பாடப் போகிறவன், கத்துகிற வாயைப் பாட்டால் மூடப் போகிறவன்.

வடலூர் பக்கத்துச் சன்மார்க்க வீடுகளைப் பற்றி நண்பர் கேட்டார். அழாதே, எரிக்காதே, கருமாதி திதி செய்யாதே என்றவர் வள்ளலார். சாவைச் சுற்றிய சாதிக் கூலி முழுவதையும் ஒரே அடியில் தேவையற்றதாக்கக்கூடிய வாக்கு அது. ஆனால் கருமாதி விடாத ஊர்களில் அது வெறும் ‘அழாதே’யாக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது என் எண்ணம். அவரே 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் தனியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். பாட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே இருந்தார்கள். அவரவர் சாவில் யார் உள்ளே, யார் வெளியே என்று அவரவரே சொல்ல முடிந்தால் நல்லது. பெரியம்மாவால் யாரைக் கூப்பிடுவது என்பதுவரைதான் சொல்ல முடிந்தது. அந்த ஆள் எங்கே உட்காருவது என்பதை நாங்கள் சொன்னோம்.

பெரியம்மா செத்து இரண்டு மாசம் கழித்து நான் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை ‘நீங்க’ என்று கூப்பிட்டேன். அவர் கொஞ்சம் திகைத்து, ‘இன்னா தம்பி புதுசா’ என்று சிரித்தார். அன்றைக்கு நீங்களாக விரும்பித்தான் வந்தீர்களா என்று கேட்டேன். கேள்வி எவ்வளவு மடத்தனமானது என்று கேட்டு முடித்தபோதே தெரிந்துவிட்டது.

‘கூப்புட்டா வராம இருக்க முடியுமா தம்பி?’ என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் சாகும்போது கூப்பிட்டால் எப்படி வராமல் இருப்பது என்று படிக்கலாம். ஊர்த் தெருவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் எங்கள் தெருவில் யாரால் மறுக்க முடியும் என்றும் படிக்கலாம். அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே இரண்டும் பிரிந்திருக்கவில்லை என்றும் தோன்றுகிறது. பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற உரிமை, கொல்லைப்புறத்தைக் காட்டியவர்கள் வீட்டுப் பையனுக்கு இல்லை. நண்பரின் குழுவில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சும் வந்தது. சேர்ப்பதானால் ஊர்த் தெருப் பிள்ளைகள் காலனிக் கட்டில்களுக்கு எத்தனை தடவை போனார்கள் என்கிற கணக்கோடு வாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு நண்பர் இன்னும் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று அண்ணன் அவருக்கு ஒரு புடவையும் இருநூறு ரூபாயும் கொடுத்திருக்கிறான். புடவையை எடுத்துக்கொண்டு பணத்தைத் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறந்துவிட்டுப் போனதாக அண்ணன் நினைத்து, மறுநாள் ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினான். அப்போது வாங்கிக்கொண்டார்.